யார் தோற்பார் என்று முன்கூட்டியே தெரியாத ஒரு தொகுதி

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435 இடங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அத்தனைக்கும் தேர்தல் நடக்கிறது. ஆனால் பதவியில் இருந்துகொண்டே மறுபடி நிற்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஜெயித்துவிடுவார்கள். யார் வருவார் என்று உண்மையிலேயே தெரியாத தொகுதிகள், நாடு முழுக்கத் தேடினாலும் சில டஜன்தான் தேறும். அப்படிப்பட்ட நாட்டில் நியூ ஹாம்ப்ஷைரின் முதல் தொகுதி 2006லிருந்து 2016 வரை நடந்த ஆறு தேர்தல்களில் ஐந்தில், பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியது. 2008 மட்டும்தான் விலக்கு.

நான் அதே மாநிலத்தில், பக்கத்துத் தொகுதியில், நாஷுவாவில் இருக்கிறேன். இந்த மாநிலத்தின் தேர்தல்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். "அமெரிக்காவில் தேர்தல் என்றாலே ஏழு மாநிலம்தானே, மற்றதெல்லாம் முடிந்த கதை" என்று ஊரில் இருக்கும் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தச் சின்ன மாநிலம்தான் ஞாபகம் வரும். 2020 கணக்கெடுப்பில் 13 லட்சத்து 77 ஆயிரம் பேர். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு பேர், செனட்டுக்கு இரண்டு பேர், ஆக மொத்தம் வாஷிங்டனுக்கு நான்கு பேரை அனுப்புகிறோம். அந்த நான்கு இடத்துக்கும் நடக்கும் போட்டி, நம்மைவிடப் பல மடங்கு பெரிய மாநிலங்களில்கூட நடப்பதில்லை.

முதலில் அந்த முதல் தொகுதியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டர், போர்ட்ஸ்மத், ராச்செஸ்டர், பல்கலைக்கழகம் இருக்கும் டர்ஹம், ஏரிப் பகுதிகள் எல்லாம் சேர்ந்தது அது. 2006ல் அங்கே பதவியில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஜெப் பிராட்லி. அவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சியில் நிற்க, மாநில சட்டமன்றத்தில் அந்தக் கட்சியின் தலைவராக இருந்தவரைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கரோல் ஷே-போர்ட்டர் என்ற சமூகப் பணியாளர், கையில் பெரிய பணம் எதுவும் இல்லாமல், ஈராக் போருக்கு எதிராக வீடு வீடாகப் போன தொண்டர்களை வைத்துக்கொண்டு, முதலில் தன் கட்சிக்குள்ளேயே அவரைத் தோற்கடித்தார், அப்புறம் நவம்பரில் பிராட்லியையும் தோற்கடித்தார். 2010ல் மான்செஸ்டரின் முன்னாள் மேயர் ஃப்ராங்க் கின்டா அவரை வீழ்த்தினார். 2012ல் ஷே-போர்ட்டர் கின்டாவை வீழ்த்தினார். 2014ல் மறுபடி கின்டா. 2016ல் மறுபடி ஷே-போர்ட்டர். ஒரே இருவர், நான்கு தேர்தல், ஒவ்வொரு முறையும் நாற்காலி கை மாறியது.

இதைத் தனிப்பட்ட இருவரின் மல்யுத்தமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். வருடங்களைக் கவனித்துப் பாருங்கள். 2012, 2016 ஜனாதிபதித் தேர்தல் வருடங்கள், அப்போது ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. 2010, 2014 இரண்டும் ஜனாதிபதித் தேர்தல் இல்லாத இடைக்கால வருடங்கள், ஒபாமா பதவியில் இருந்தார், அவர் கட்சி தோற்றது. ஜனாதிபதித் தேர்தல் வருடத்தில் மட்டும் ஓட்டுப் போட வரும் மாணவர்கள், வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர்கள், இவர்கள் இடைக்கால வருடத்தில் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஆளும் கட்சியின் மேல் கோபமாக இருப்பவர்கள் மட்டும் தவறாமல் வருகிறார்கள். பெரும்பாலான தொகுதிகளில் இந்த ஏற்ற இறக்கம் முடிவை மாற்றாது, ஏனென்றால் அங்கே ஒரு கட்சி இருபது சதவீதம் முன்னால் இருக்கும். இங்கே நடுவில் இருக்கும் கோடு அவ்வளவு மெல்லியது. 2016ல் கின்டாவுக்கு வேறு பிரச்சினையும் இருந்தது. பெற்றோரிடமிருந்து சட்டத்துக்கு மாறாகத் தேர்தல் நிதி வாங்கியதாக மத்தியத் தேர்தல் ஆணையம் 2015ல் அவருக்கு அபராதம் போட்டிருந்தது. அந்த வருடம் டிரம்ப் அந்தத் தொகுதியில் சிறிய வித்தியாசத்தில் முன்னால் இருந்தார், ஆனாலும் கின்டா தோற்றார். அதாவது டிரம்புக்குப் போட்டுவிட்டு அதே வாக்குச்சீட்டில் கின்டாவை விட்டுவிட்டவர்கள் கணிசமாக இருந்தார்கள்.

அதே 2016ல் செனட் தேர்தலும் இருந்தது. பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் கெல்லி எயாட்டை, ஆளுநராக இருந்த ஜனநாயகக் கட்சியின் மேகி ஹாசன் 1,017 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பதிவான ஓட்டு ஏழு லட்சத்துக்கும் மேல். ஹிலரி கிளின்டன் டிரம்பை இந்த மாநிலத்தில் தாண்டியது 2,736 ஓட்டில். எயாட் மறுஎண்ணிக்கை கேட்கவில்லை, தோல்வியை ஒப்புக்கொண்டார், எட்டு வருடம் கழித்து 2024ல் ஆளுநர் தேர்தலில் நின்று ஜெயித்து இப்போது மாநிலத் தலைநகர் கான்கார்டில் உட்கார்ந்திருக்கிறார். அன்று ஆயிரத்துச் சொச்ச ஓட்டில் தோற்றவரை மாநிலம் முழுசாக ஒதுக்கிவிடவில்லை. தோற்றவர் திரும்ப வரலாம் என்பது போட்டி இருக்கும் இடத்தில்தான் சாத்தியம், மற்ற இடங்களில் ஒருமுறை தோற்றால் கட்சியே அவரை மறந்துவிடும்.

ஆனால் 1,017ஐயும் சாதாரணமாக்கிவிட்ட ஒரு தேர்தல் இந்த மாநிலத்தில் நடந்திருக்கிறது. அமெரிக்க செனட் வரலாற்றிலேயே மிக நெருக்கமான தேர்தல் அதுதான், அதை இங்கே இருக்கும் நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

1974. வாட்டர்கேட் முடிந்து நிக்சன் பதவி விலகி மூன்று மாதம். நாரிஸ் காட்டன் என்ற மூத்த செனட்டர் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்குக் குடியரசுக் கட்சியில் முதல் தொகுதியின் உறுப்பினர் லூயிஸ் வைமன், ஜனநாயகக் கட்சியில் மாநிலக் காப்பீட்டு ஆணையராக இருந்த ஜான் டர்கின். முதல் எண்ணிக்கையில் வைமன் 355 ஓட்டு முன்னால். டர்கின் மறுஎண்ணிக்கை கேட்டார். மறுபடி எண்ணினால் டர்கின் 10 ஓட்டு முன்னால். ஆளுநர் மெல்ட்ரிம் தாம்சன் டர்கினுக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தார். வைமன் மாநில வாக்குச்சீட்டு ஆணையத்துக்கு முறையிட்டார். அவர்கள் சந்தேகத்துக்குரிய சீட்டுகளை எடுத்துப் பார்த்து, இல்லை, வைமன் 2 ஓட்டு முன்னால் என்றார்கள். இரண்டு ஓட்டு. இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் பதிவான தேர்தலில். ஆளுநர் டர்கினின் சான்றிதழை ரத்து செய்து வைமனிடம் கொடுத்தார்.

டர்கின் விடவில்லை. அமெரிக்க அரசியல் சாசனப்படி தன் உறுப்பினர் யார் என்று முடிவு செய்யும் உரிமை செனட்டுக்கே உண்டு. அங்கே போனார். 1975 ஜனவரியில் தொடங்கி மாதக்கணக்கில் நடந்தது. சர்ச்சைக்குரிய சீட்டுகளை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய், செனட்டின் விதிமுறைக் குழுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இந்தக் கோடு கட்டத்துக்குள் இருக்கிறதா, இந்தப் பெருக்கல் குறி இவருக்கா அவருக்கா என்று. குழுவில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தும் அலபாமாவைச் சேர்ந்த அவர்கள் கட்சி உறுப்பினரே பலமுறை எதிர்த் தரப்போடு சேர்ந்து வாக்களித்ததால் நான்குக்கு நான்கு என்று முட்டிக்கொண்டு நின்றது. முழு அவைக்கு வந்தபோது குடியரசுக் கட்சிக்காரர்கள் விவாதத்தை முடிக்கவே விடவில்லை. கடைசியில் ஜூலை இறுதியில் டர்கினே மறுதேர்தலுக்குச் சம்மதித்தார், செனட் அந்த இடத்தைக் காலி என்று அறிவித்தது. செப்டம்பர் 16 அன்று மறுதேர்தல். முதல் தேர்தலில் வந்ததைவிட அதிகம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள், டர்கின் 27,000க்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எனக்கு இதில் பிடித்த இடம் அந்தக் கடைசி வாக்கியம்தான். ஏழு மாதமாகப் பெரியவர்கள் தீர்க்க முடியாததை, மறுபடி மக்களிடம் கேட்டதும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. அதுவும் சோர்ந்துபோய் வராமல் இருந்துவிடவில்லை. இரண்டு ஓட்டில் முடிவு மாறும் என்று கண்ணால் பார்த்தவர்கள், கூட்டமாக வந்தார்கள்.

சரி, ஏன் இங்கே மட்டும் இப்படி? இதற்கு "நியூ ஹாம்ப்ஷைர் மக்கள் சுதந்திரமானவர்கள், யாருக்கும் கட்டுப்பட மாட்டார்கள்" என்று ஒரு பதில் இங்கே வழக்கமாகச் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் எனக்கு அது போதாது. தெற்கே அரை மணி நேரம் ஓட்டினால் மாசச்சூசெட்ஸ். அங்கேயும் பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்கள்தான். அங்கே பிரதிநிதிகள் சபைக்கு ஒன்பது இடங்கள், 1996 தேர்தலுக்குப் பிறகு ஒன்றில்கூடக் குடியரசுக் கட்சி ஜெயித்ததில்லை, பல தொகுதிகளில் அவர்கள் ஆளையே நிறுத்துவதில்லை. ஓட்டுப் போடுபவருக்கு ஒரே பெயர். சுதந்திரமான மனசு மட்டும் போட்டியை உண்டாக்கிவிடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டு கட்சிக்கும் மாநிலம் முழுக்க ஏறக்குறைய சம பலம் இருப்பது முதல் காரணம். அதற்கு அடுத்தது, எல்லைக் கோடு. நம் ஊரில் தொகுதி மறுவரையறை பற்றி இப்போது எவ்வளவு சூடாகப் பேசுகிறோம், அங்கே அந்தக் கோட்டைப் போடுவது ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலான ஆணையம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே கோடு போடுகிறது, அதாவது ஜெயித்தவர்களே அடுத்த ஆட்டத்துக்கான மைதானத்தையும் வரைகிறார்கள். நியூ ஹாம்ப்ஷைரிலும் சட்டப்படி அப்படித்தான். ஆனால் இங்கே இரண்டு தொகுதிகளுக்கும் நடுவில் இருக்கும் கோடு நூறு வருடத்துக்கும் மேலாக அவ்வளவாக நகரவில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக்கு ஏற்ப ஒருசில ஊர்களை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

2022ல் இதை உடைக்கப் பார்த்தார்கள். சட்டமன்றத்தில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி ஒரு புது வரைபடம் கொண்டுவந்தது. ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவான ஊர்களை அள்ளி இரண்டாம் தொகுதியில் போட்டு, முதல் தொகுதியைத் தங்களுக்கு நிரந்தரமாக்கும் திட்டம். ஒன்று எங்களுக்கு, ஒன்று உங்களுக்கு, இனி இரண்டிலும் போட்டி வேண்டாம். ஆளுநர் கிறிஸ் சுனுனு அதே கட்சிக்காரர். தன் கட்சி அனுப்பிய வரைபடத்தை அவர் வீட்டோ செய்தார். சட்டமன்றமும் ஆளுநரும் ஒத்துப்போகாததால் மாநில உச்ச நீதிமன்றம் வெளியிலிருந்து ஒரு நிபுணரை வைத்து, முடிந்தவரை குறைவாக மாற்றிய வரைபடத்தை மே கடைசியில் அறிவித்தது. இரண்டு தொகுதியும் போட்டித் தொகுதிகளாகவே நின்றன.

சுனுனுவை முழுசாகப் பாராட்டிவிட முடியாது. அதே வருடம் மாநில செனட்டுக்கும், ஆளுநருக்கு மேல் கண் வைத்திருக்கும் ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்கும் அவர் கட்சி போட்ட கோணல் கோடுகளில் அவர் கையெழுத்துப் போட்டார். அதை எதிர்த்து வழக்குப் போனது, 2023ல் மாநில உச்ச நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. வாஷிங்டன் தொகுதிகள் தப்பித்தன, உள்ளூர்த் தொகுதிகள் தப்பவில்லை. 2025ல் டெக்சாஸ் நடுவில் வரைபடத்தை மாற்ற, கலிபோர்னியா பதிலுக்கு மாற்ற, நாடு முழுக்க அந்தப் போட்டி ஆரம்பித்தபோது இங்கேயும் அழுத்தம் வந்தது. ஆளுநர் எயாட் இது அதற்கான நேரம் இல்லை என்று மறுத்தார். எனக்கு அவருடைய பல கொள்கைகளில் உடன்பாடு கிடையாது. இந்த ஒன்றுக்கு நன்றி சொல்கிறேன்.

மூன்றாவது விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் சின்னது இல்லை. 2006 வரை இங்கே வாக்குச்சீட்டின் மேலே ஒரே ஒரு குறி போட்டால் அந்தக் கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் ஓட்டு விழும். 2007ல் அதை நீக்கினார்கள். இப்போது ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக யோசித்துப் போட வேண்டும். இதன் பலனை 2022ல் பார்த்தோம். ஒரே சீட்டில் சுனுனு பதினைந்து சதவீதத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார், அதே சீட்டில் மேகி ஹாசன் ஒன்பது சதவீத வித்தியாசத்தில் செனட்டுக்குப் போனார், பிரதிநிதிகள் சபையின் இரண்டு இடமும் ஜனநாயகக் கட்சிக்கு. 400 பேர் கொண்ட மாநில சட்டமன்றக் கீழவையோ 201க்கு 198, ஒரு இடத்தில் இருவருக்கும் சரிசமமான ஓட்டு. அந்த ஒரு இடத்துக்கு அடுத்த பிப்ரவரியில் மறுதேர்தல் வைத்தார்கள். 400 பேர், ஒவ்வொருவரும் மூவாயிரத்துச் சொச்சம் மக்களுக்கு, வருடச் சம்பளம் 100 டாலர். இவர்களை நீங்கள் குப்பை கொட்டும் இடத்தில், கடையில், பள்ளி விழாவில் பார்க்கலாம். அரசியல்வாதியை நேரில் பார்த்துக் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் வாஷிங்டனுக்கு நிற்பவரிடமும் அதையேதான் எதிர்பார்ப்பார்கள்.

இதுவரை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது எனக்கு வருத்தம் தரும் பகுதி.

2016க்குப் பிறகு இந்த நான்கு இடங்களில் ஒன்றுகூடக் கட்சி மாறவில்லை. 2018ல் ஷே-போர்ட்டர் ஓய்வு பெற, கிறிஸ் பாப்பஸ் முதல் தொகுதிக்கு வந்தார், அதற்குப் பிறகு 2020, 2022, 2024 எல்லாவற்றிலும் அவரே. 2024ல் என் தொகுதியில் ஆன் கஸ்டர் ஓய்வு பெற்று மேகி குட்லாண்டர் வந்தார், அவரும் அதே கட்சி. அதே 2024ல் கமலா ஹாரிஸ் இங்கே மூன்று சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஜெயித்தார், ஆளுநர் பதவியும் சட்டமன்றத்தின் இரண்டு அவையும் குடியரசுக் கட்சிக்குப் போயின. கான்கார்டுக்கு ஒரு கட்சி, வாஷிங்டனுக்கு வேறு கட்சி. கோடு மாறவில்லை, மக்கள் மாறவில்லை, ஆனால் போட்டி மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. நான் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன், அதனால் எனக்கு இந்த முடிவுகளில் வருத்தமில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் வருத்தம்.

கோடு நேர்மையாக இருந்தும் போட்டி எங்கே போகிறது? என் பார்வையில் அது பிரைமரியில் போகிறது. கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அந்த முன்தேர்தல் இங்கே செப்டம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. நவம்பர் தேர்தலுக்கு இருப்பது எட்டு வாரம். நாட்டிலேயே மிகக் கடைசியில் பிரைமரி வைக்கும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. பதவியில் இருப்பவருக்கு இது வரம். அவர் இரண்டு வருடமாகப் பணம் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், எதிர்த் தரப்பில் நான்கைந்து பேர் செப்டம்பர் வரை ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள், ஜெயிப்பவர் கை காலியாகி, உடம்பெல்லாம் சேற்றோடு வெளியே வருகிறார், பொதுமக்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளக்கூட நேரம் இல்லை.

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பைடன் பதவியில் இருந்த இடைக்காலத் தேர்தல், பழைய கணக்குப்படி முதல் தொகுதி கை மாறியிருக்க வேண்டும். செனட்டுக்குச் சுனுனுவே நிற்பார் என்று குடியரசுக் கட்சி நம்பியிருந்தது, அவர் மாட்டேன் என்று விட்டார். செப்டம்பர் 13 பிரைமரியில் மாநில செனட்டின் தலைவராக இருந்த சக் மோர்ஸை ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி டான் போல்டக் ஒரு சதவீத அளவில் தோற்கடித்தார். போல்டக் 2020 தேர்தல் திருடப்பட்டது என்று பல மாதங்களாகச் சொல்லிவந்தவர், பிரைமரி முடிந்த சில நாளில் அதை மாற்றிச் சொன்னார். முதல் தொகுதியில் கரோலைன் லெவிட், அப்போது வயது 25, பிற்பாடு வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளராகப் போனவர், கட்சித் தலைமை ஆதரித்தவரைத் தோற்கடித்து நின்றார். நவம்பரில் பாப்பஸ் எட்டு சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இதில் எனக்குக் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு, என் பக்கத்துக்காரர்கள் மேலேயே. அந்தப் பிரைமரியில் ஜனநாயகக் கட்சி சார்ந்த வெளிமாநிலக் குழுக்கள் பல லட்சம் டாலர் செலவு செய்து மோர்ஸைத் தாக்கி விளம்பரம் போட்டன. இரண்டாம் தொகுதியிலும் தீவிரமான வேட்பாளர் ஜெயிக்கட்டும் என்று பணம் இறக்கினார்கள், கீன் நகர மேயராக இருந்த மிதமான ஒருவர் அங்கே தோற்றார். பலவீனமானவர் வந்தால் நவம்பரில் சுலபம் என்பது கணக்கு. கணக்குப் பலித்தது. ஆனால் தேர்தல் திருடப்பட்டது என்று சொல்பவர்களால் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று என்னிடம் நன்கொடை கேட்டவர்களும், அப்படிப்பட்டவருக்கு வழி விட்டவர்களும் ஒரே அணி. அதை நான் மறக்கத் தயாராக இல்லை. எனக்கு எதிர்த் தரப்பில் நல்ல ஆள் நிற்க வேண்டும். அப்போதுதான் நான் ஓட்டுப் போடுபவரும் நன்றாக உழைப்பார்.

பணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மான்செஸ்டரில் ஒரே ஒரு பெரிய தொலைக்காட்சி நிலையம், மற்றதெல்லாம் பாஸ்டன் நிலையங்கள். அங்கே விளம்பரம் போட்டால் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நமக்கு ஓட்டே இல்லாத மாசச்சூசெட்ஸ்காரர்கள், ஆனால் விலை பாஸ்டன் விலை. 2016 செனட் தேர்தலில் இரண்டு பக்கமும் சேர்ந்து பத்து கோடி டாலருக்கும் மேல் செலவானது, பதிவான ஓட்டுக்கு வகுத்துப் பார்த்தால் ஓட்டு ஒன்றுக்கு நூறு டாலருக்கும் மேல். அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த குழுக்களின் பணம். ஷே-போர்ட்டர் 2006ல் நின்றது போல இன்று ஒருவர் கையில் காசில்லாமல் நின்றால் அந்தச் சத்தத்தில் அவர் குரல் கேட்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இருந்தாலும் போட்டி இருப்பதன் பலனை நான் இங்கே கண்ணால் பார்க்கிறேன். தெரிந்த ஒரு குடும்பம், அம்மாவின் விசா விஷயமாக எங்கள் தொகுதி அலுவலகத்துக்கு எழுதினார்கள், சீக்கிரமே அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு விவரம் கேட்டு, முடியும் வரை விடாமல் தொடர்பில் இருந்தார். கோயில் விழாவுக்கு, தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு வேட்பாளர்கள் வருகிறார்கள், அதுவும் இரண்டு கட்சியிலிருந்தும். படம் எடுத்துக்கொள்ள மட்டும் இல்லை, கிரீன் கார்டு வரிசை பற்றிக் கேட்டால் நின்று பதில் சொல்கிறார்கள். பதில் எல்லாம் திருப்தியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில ஆயிரம் ஓட்டுக்கு மதிப்பு இருக்கும் இடத்தில்தான் எங்களைப் போன்ற சின்னக் கூட்டத்துக்கு இந்த மரியாதை. இருபது சதவீத வித்தியாசத்தில் ஜெயிப்பவருக்கு நாஷுவாவில் இருக்கும் நம்மவர்கள் எதற்கு?

2026 இதற்கெல்லாம் ஒரு சோதனை. செனட்டர் ஜீன் ஷாஹீன் இனி நிற்கப்போவதில்லை என்று 2025 மார்ச்சில் அறிவித்தார். அந்த இடத்துக்குப் பாப்பஸ் கிளம்ப, முதல் தொகுதி பல வருடத்துக்குப் பிறகு யாரும் உட்காராத நாற்காலியாகிறது. அப்படிப்பட்ட தேர்தலில் முக்கியமான முடிவு செப்டம்பர் 8 பிரைமரியிலேயே பாதி எடுக்கப்பட்டுவிடும், அதுவும் நவம்பரில் வருபவர்களில் ஒரு சிறு பகுதியினரால். பிரைமரியை ஜூனுக்கு இழுக்க வேண்டும் என்று பல வருடமாக ஒரு கோரிக்கை இருக்கிறது, நான் அதன் பக்கம். தோற்ற பக்கம் காயம் ஆற, ஜெயித்தவர் ஊர் ஊராகப் போக, மக்கள் அவரைக் கேள்வி கேட்க ஐந்து மாதம் வேண்டும்.

அது வரும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, இதை நாஷுவா, மான்செஸ்டர், பெட்ஃபோர்ட் பக்கம் இருக்கும் குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்காகவே எழுதுகிறேன். இந்த மாநிலத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீத வாக்காளர்கள் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள். அப்படிப் பதிவு செய்திருந்தால் பிரைமரி அன்று வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கலாம், ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வரும்போது ஒரு கையெழுத்துப் போட்டுப் பழையபடி கட்சி சேராதவராகிவிடலாம். ஏற்கனவே ஒரு கட்சியில் பதிவு செய்தவர்கள் மாற நினைத்தால் ஜூன் தொடக்கத்தில் வேட்புமனு ஆரம்பிப்பதற்குள் மாற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு பிரைமரி முடியும் வரை முடியாது. தேர்தல் நாள் அன்றே புதிதாகப் பதிவு செய்யும் வசதியும் உண்டு, ஆனால் 2024 செப்டம்பரில் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு முதல்முறை பதிவு செய்பவர்கள் குடியுரிமைக்கான காகிதத்தைக் கையோடு காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. அமெரிக்க பாஸ்போர்ட் அல்லது குடியுரிமைச் சான்றிதழ், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். இன்னும் நல்லது, இப்போதே நகர கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு மதியம் போய்ப் பதிவை முடித்துவிடுங்கள், செப்டம்பரில் வரிசை சின்னதாகவே இருக்கும்.